எஸ்.ஐ. தேவசகாயத்தின் வலது கை

எந்திரம் மறுபடியும் எஸ்.ஐ. தேவசகாயத்தின் உள்ளங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. நான் ஸ்விட்சை அணைக்க ஓடுவதற்குள் சூடான கம்பி தெர்மாகோலைத் தின்று தீர்த்துவிட்டது. சுட்ட வாடை ஷெட் முழுக்கப் பரவியது. தெர்மாகோல் கட்டையை இறக்கிப் பார்த்தால், தொப்பி இருக்கிறது, அகன்ற தோள் இருக்கிறது, பெல்ட்டுக்கு மேலே பிதுங்கிய தொந்திகூட அச்சு அசலாக இருக்கிறது. தூக்கிய வலது கையில் மட்டும் மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

"நாளைக்கு சாயங்காலம் மனுசன் ரிட்டயர் ஆகுதாரு," என்றான் என் அண்ணன் பரமசிவன். "மொண்டிக் கையோடயா மேடையில நிறுத்தச் சொல்லுதே?"

"நான் என்ன வேணும்னா செய்யுதேன்?"

"நேத்தும் இதையேதான் சொன்னே."

நேற்று இரண்டு கட்டைகள் போயின. இன்று காலையில் இது. பாக்கி இருப்பது ஒரே ஒரு கட்டை. சொல்லி அனுப்பினால் அடுத்தது வந்து சேர்வதற்குள் தேவசகாயம் ஓய்வூதியமே வாங்க ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஆட்டோ ஓட்டுநர் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். எங்கள் ஊரில் ஆட்டோக்காரர்கள் ஒன்றுகூடி ஒரு போலீஸ்காரருக்குப் பாராட்டு விழா எடுப்பது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. தேவசகாயம் பெரியாஸ்பத்திரி முக்கில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நின்றவர். யாரிடமும் கைநீட்டி ஒரு பைசா வாங்காதவர். அதனால் மேடையில் அவருடைய ஆளுயர உருவத்தை, முக்கில் நிற்கிற மாதிரியே கையைத் தூக்கியபடி வைக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். கல்யாண மேடைக்கு அன்னமும் மயிலும் அறுத்துக்கொண்டிருந்த என்னிடம் அண்ணன் வந்து, "ஏட்டி கோமு, உன் எந்திரத்துக்கு ஒரு நல்ல வேலை," என்றான்.

எந்திரத்தை நானே செய்தேன். ஓடுகிற தண்டவாளம் பழைய ஜெராக்ஸ் மிஷினில் இருந்து வந்தது, மோட்டார்கள் செத்துப்போன பிரிண்டர்களில் இருந்து. நடுவே இழுத்துக் கட்டிய நிக்ரோம் கம்பி. கரண்டு பாய்ந்ததும் கம்பி சூடாகும், மோட்டார்கள் அதை வரைபடத்தின் ஓரமாகவே கொண்டுபோகும், தெர்மாகோல் அறுபடும். எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, தேவசகாயம் வரும்வரை.

அடுத்து செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். கம்பி சூட்டில் நீண்டு தொய்கிறதோ என்று ஸ்பிரிங்கை மாற்றினேன். பெல்ட் பல் தாண்டுகிறதோ என்று இறுக்கினேன். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகத் தடவினேன். வீட்டுக்குள் கிரைண்டர் ஓடும்போது கரண்டு இறங்குகிறது என்று சந்தேகப்பட்டு மதினியிடம் போய் மாவாட்டுவதை நிறுத்தச் சொன்னேன். மதினி சந்தனமாரி எதையும் லேசில் நிறுத்துகிற ஆள் இல்லை. நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"கண்ணுபட்டிருக்கும்," என்று எந்திரத்தின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். "இல்லைன்னா அந்த மூளையைக் கழத்தித் தூரப் போடு. உங்க அண்ணன் ஆட்டோவுல இருந்தது எப்படி உருப்படும்?"

அதைச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இல்லாத ஷேர் ஆட்டோ ஓடிய காலத்தை இப்போது எல்லோரும் சிரிப்பாகப் பேசுகிறோம். அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு கம்பெனி வந்து ஆட்டோவுக்கு ஒரு மூளை வைத்தது. அது ஓட்டுநரோடு கூடவே இருந்து, அவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகும் என்றார்கள். பழகி முடித்ததும் ஓட்டுநர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மூளைகள் நன்றாகவே பழகின. டீக்கடையைக் கண்டால் ஒதுங்கின. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்து பேர் ஏறும்வரை நகர மறுத்தன. யாரும் பார்க்காவிட்டால் ஒருவழிப் பாதையில் எதிரே புகுந்தன. அண்ணன் அப்போதெல்லாம் வாசலில் நின்று, தன் ஆட்டோ தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கையைத் தூக்காததால் அது நிற்காமல் போகும். அதைப் பார்க்க எனக்கு அழுகையாக வரும்.

கம்பெனி கடையைக் கட்டியபோது, நஷ்டஈடு என்று சொல்லி அவரவர் ஆட்டோவை அவரவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. மூளையை நான் கழற்றிக்கொண்டேன். மூளை இல்லாத ஆட்டோவை அண்ணன் ஓட்டுகிறான்.

"மதினி, இது நல்ல மூளை," என்றேன். "தெர்மாகோல் அறுக்கதுல கஷ்டமே வேகம்தான். வேகமாப் போனா கம்பி வளைஞ்சு பின்னால தொங்கும், மூலையெல்லாம் மழுங்கிரும். மெதுவாப் போனா உருகிரும். எந்த வளைவுல எவ்வளவு வேகம்னு இதுக்குத் தெரியும். நான் படத்தை ரோடு மாதிரி காட்டுதேன். அது ஆட்டோ ஓட்டுத மாதிரி ஓட்டிட்டுப் போகுது."

"இது என்ன, முழிச்சுப் பாக்கு?"

மூளைக்கு முன்னால் ஒட்டியிருந்த சின்னக் கேமராவைக் காட்டினாள்.

"அதோட கண்ணு. ஆட்டோவுல டிரைவர் நெத்திக்கு நேரா இருந்தது. அதைக் கழட்டினா ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு."

ரோடு மாதிரி என்று நானே சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மிச்சம் கிடந்த துண்டுகளை எடுத்துச் சின்னச் சின்ன உருவங்களாகப் போட்டுப் பார்த்தேன். தும்பிக்கையைத் தூக்கிய யானை வந்தது, எந்திரம் கண்டுகொள்ளவில்லை. மாலையோடு மணப்பெண் வந்தாள், மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது. கையைத் தூக்கி நிற்கிற மாதிரி ஒரு பெண்ணை வரைந்தேன். லேசாகத் தயங்கி, ஆள் ஏறாததால் கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணின் தலையில் ஒரு போலீஸ் தொப்பியை வைத்தேன். கம்பி உள்ளங்கை வரை வந்து நின்றது. நின்றது நின்றதுதான். கை உருகி ஒழுகியது.

கோளாறே இல்லை. எந்திரம் போலீஸைப் பார்த்து நிற்கிறது.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, "தொப்பியைத் தனியா அறுத்து ஒட்டிரலாம்ணே, விசயம் முடிஞ்சுது," என்று சொல்லிக்கொண்டே, இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று தொப்பி வைத்த பெண்ணையே திரும்ப ஓடவிட்டேன். அது கையருகே வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து மதினி, "இந்தா, பால் வாங்கிட்டு வந்திரு," என்று எந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று எனக்கு ஒரு நோட்டை நீட்டினாள்.

மோட்டார் டக்கென்று பிடித்தது. கம்பி விரல்களைச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிப் போய்விட்டது.

மூன்று பேரும் எந்திரத்தைப் பார்த்தோம். நான் இன்னொரு துண்டை மாட்டினேன். போலீஸைக் கண்டு நின்றது. மதினி வெறும் கையை நீட்டினாள், அசையவில்லை. எலுமிச்சம்பழத்தை நீட்டினாள், அசையவில்லை. நோட்டை நீட்டினாள். கிளம்பியது.

மதினியின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் வேலை செய்த கல்யாண மேடைகளில்கூடக் கண்டதில்லை.

"அப்போ உங்க சத்தியவான் எஸ்.ஐ.யும் வாங்குன ஆளுதானா?" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள். "இது உங்களைப் பாத்துப் படிச்ச மூளைதானே? அவரு கையைத் தூக்குனா நிப்பீங்க, நோட்டு கைமாறுனா கிளம்புவீங்க. அதைத்தானே படிச்சிருக்கு? சொல்லுங்க, குடுத்தீங்களா இல்லையா?"

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்தான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? ரிட்டயர் ஆகப்போற மனுசன்."

"கேட்டதுக்குப் பதில் அது இல்லையே."

"எல்லாரும் மனுசங்கதானே," என்று முனகிவிட்டு, அண்ணன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மதினிக்கு அது போதும். மகளிர் குழுவுக்குக் குரல்செய்தி அனுப்ப போனை எடுத்துவிட்டாள். மகளிர் குழுவில் அறுபது வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். மாவு புளிப்பதற்குள் சேதி ஆஸ்பத்திரி முக்குக்குப் போய்ச் சேரும். நாளை சாயங்காலம் அந்த மனிதர் மேடையில் உட்கார்ந்திருக்கும்போது, முன்வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் அவருடைய சட்டைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மனிதர் ஆயுசு முழுக்கக் காப்பாற்றி வைத்த பெயர், என் எந்திரத்தால், அதுவும் கடைசி நாளில் போகப்போகிறது.

"மதினி, ஒரு நிமிசம் பொறுங்க," என்று போனைப் பிடித்தேன்.

"எதுக்கு? நான் என்ன பொய்யா சொல்லுதேன்? எந்திரமே சொல்லுதுல்லா."

"எந்திரம் ஒண்ணும் சொல்லல. அது பாத்ததைச் செய்யுது, அவ்வளவுதான். அது என்ன பாத்துதுன்னுதான் நமக்குத் தெரியல." நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். "இங்க பாருங்க. இந்தக் கண்ணு டிரைவர் நெத்தியில இருந்து வெளிய பாத்த கண்ணு. இப்ப நான்தான் டிரைவர்னு வச்சுக்கிடுங்க. நான் போலீஸுக்குக் காசு குடுத்தா, என் கை எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியும்?"

"பின்னால இருந்து முன்னால போற மாதிரி தெரியும். புறங்கைதான் தெரியும். நீங்க எங்க நின்னு நீட்டினீங்க?"

மதினி தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். கேமராவுக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

கடைசித் துண்டை மாட்டினேன். எந்திரம் தொப்பியைக் கண்டு நின்றது. நான் கேமராவுக்குப் பின்னால் இருந்து, ஓட்டுநர் நீட்டுகிற மாதிரி நோட்டை நீட்டினேன். எந்திரம் அசையவே இல்லை. தெர்மாகோல் புகைந்தது. அதே நோட்டை மதினி கையில் கொடுத்து எதிரே இருந்து நீட்டச் சொன்னேன். டக்.

"அண்ணன் அவருக்குக் குடுக்கல மதினி," என்றேன். "அவருதான் அண்ணனுக்குக் குடுத்திருக்காரு."

மதினி போனைக் கீழே வைத்தாள். அவள் திரும்பிய விதத்தைப் பார்த்து அண்ணன் ஸ்டூலோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தான்.

"போலீஸ்காரரு உங்களுக்கு எதுக்குக் காசு குடுத்தாரு?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வருகிற சிலருக்குக் கையில் காசு இருக்காது. மருந்துக்கே எல்லாம் போயிருக்கும். கிராமத்துக்கு நடந்தே போகலாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். தேவசகாயம் அவர்களை நிறுத்தி, கையைத் தூக்குவார். ஆட்டோ நின்றதும் அவர்களைப் பின்னால் ஏற்றிவிட்டு, முன்னால் வந்து தன் பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டுவார். ஏறியவர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டாம் என்பார்.

"இவ்வளவுதானே?" என்றேன். "இதைச் சொல்லதுக்கா இவ்வளவு முழிச்சே? நல்ல விசயம்லா இது."

மதினிக்கு அவனோடு குடும்பம் நடத்திய அனுபவம் இருக்கிறது. எனக்கு இல்லை.

"இறங்கும்போது அவங்ககிட்டயும் டிக்கெட் காசு கேட்டீங்களா?" என்றாள்.

அண்ணன் பனியன் நுனியைத் திருகினான்.

"ஏங்க."

"எல்லாருகிட்டயும் இல்ல," என்றான் அண்ணன். "இருந்தா குடுப்பாங்க."

மதினி கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணனுக்குப் பழக்கம். "ரெண்டு பக்கமும் வாங்கிட்டு, அந்த மனுசன் பேரு நாறப் பாத்துதே, அப்பவும் வாயைத் திறக்காம உக்காந்திருந்தீங்களே," என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கே கூசியது. காசு வாங்கியதைவிட, சற்று முன்னால் 'எல்லாரும் மனுசங்கதானே' என்று சொன்னானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாகத் தேவசகாயம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தொப்பி இல்லாமல் பார்த்தால் பாதி ஆளாகத் தெரிந்தார்.

"பரமசிவா, எனக்குச் சிலை வைக்கீங்களாமே," என்றார். "உயிரோட இருக்கவனுக்கு எதுக்குடே சிலை? என் வீட்டம்மா சிரிக்கா. வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்." பிறகு மூலையில் சாத்தி வைத்திருந்த கையில்லாத மூன்று தேவசகாயங்களைப் பார்த்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. வலது கையை மட்டும் ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார்.

மதினி அண்ணனை முழங்கையால் இடித்தாள். "சொல்லுங்க. அவருகிட்டயே சொல்லுங்க."

அண்ணன் எழுந்து நின்று சொன்னான். சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவன், நாலு வார்த்தை சொல்வதற்குள் தொண்டையைச் செருமிச் செருமி ஒரு வழியாக முடித்தான். தேவசகாயம் கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்டே," என்றார்.

"ஐயா?"

"ஏத்தி விட்டவங்க மருந்து வாங்கத் திரும்ப வருவாங்கல்லா. வாடகை இவ்வளவு ஆச்சுய்யான்னு அவங்களே சொல்லுவாங்க. முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" என்றாள் மதினி.

"என்ன செய்யச் சொல்லுதீங்கம்மா? நான் கையைத் தூக்குனா மத்த ஆட்டோ எல்லாம் சந்துக்குள்ள திரும்பிரும். கேஸ் போடுவேன்னு பயம். இவன் ஒருத்தன்தான் நேரா வந்து நிப்பான். எதுக்கு நிக்கான்னு எனக்குத் தெரியும். பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வெயில்ல நிக்கவளுக்கு அது தெரிஞ்சு என்ன ஆகணும்? வண்டி நின்னா போதும்." அவர் எந்திரத்தின் பக்கம் திரும்பினார். "இவனை வீட்டுக்கு அனுப்புன பிறகும் அந்த ஆட்டோ வந்து நின்னுது. நான் பழக்கதோசத்துல நோட்டை எடுத்து நீட்டுவேன். வாங்க ஆளு கிடையாது. நோட்டைப் பாத்துட்டு அது பாட்டுக்குக் கிளம்பிரும். இறக்கிவிடும்போதும் கேக்காது. கம்பெனி நட்டப்பட்டதுல என் பங்கும் உண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் லேசாகச் சிரிக்கப் பார்த்தான்.

"ஆனா ஒண்ணு," என்றார் தேவசகாயம், அதே குரலில். "அன்னைக்கு அவங்க மடியில இருந்தது அந்தக் காசு மட்டும்தான்டே. நாளைக்குக் கஞ்சிக்கு வச்சிருந்த காசு. அதை நீ ஒருநாளும் யோசிக்கல."

அண்ணனின் முகம் செத்துவிட்டது. அவர் அடித்திருந்தால்கூட அவன் இப்படி ஆகியிருக்க மாட்டான்.

பேச்சை மாற்றலாம் என்று நான் கடைசி முழுக் கட்டையைத் தூக்கி எந்திரத்தில் பொருத்தினேன். "தொப்பியைத் தனியா அறுத்து ஒட்டிரலாம், ஐயா. அப்பம் நிக்காமப் போயிரும்."

"வேண்டாம்," என்றான் அண்ணன். "தொப்பியோடயே போடு. நிக்கட்டும்."

"இது ஒண்ணுதான்ணே இருக்கு."

"போடு."

ஓடவிட்டேன். கம்பி காலில் இருந்து ஏறி, தொந்தியை வளைத்து, தோளைத் தாண்டி, கையின் ஓரமாக மேலே போனது. உள்ளங்கைக்கு வந்ததும் நின்றது. தேவசகாயத்தின் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது.

"நீங்க வேண்டாம்யா," என்று அண்ணன் அவரைத் தடுத்தான். தன் பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, சுற்றி வந்து, கேமராவுக்கு எதிரே தேவசகாயம் நின்றிருப்பாரே அந்த இடத்தில் நின்று நீட்டினான்.

எந்திரம் நகரவில்லை. கட்டைவிரல் பக்கமாகப் புகை கிளம்பியது. நான் ஸ்விட்ச் மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். நோட்டு காற்றில் அடிபட்டது போல ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை, அண்ணன் கைதான் நடுங்கியது. அந்த ஆட்டத்தில் அது நோட்டுதான் என்று எந்திரத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

மதினி போய் அவனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்கியே பழகுன கை," என்றாள். "குடுக்க வர மாட்டேங்கு. அசையாம பிடிங்க."

டக்கென்று மோட்டார் பிடித்தது. கம்பி கட்டைவிரலைச் சுற்றியது. அது கொஞ்சம் மெலிந்துவிட்டது, மற்றபடி விரல்தான். பிறகு ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி, தொப்பியின் ஓரத்தை வருடிக்கொண்டு அடுத்த பக்கம் போனது. தேவசகாயம் எழுந்து கிட்டே வந்து, ஐந்து விரலும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"அது போயிட்டுதுண்ணே," என்றேன். "கையை இறக்கு."

மதினி பிடியை விட்டுவிட்டாள். அண்ணன் இறக்கவில்லை. நோட்டை நீட்டியபடியே நின்றான். அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே இருந்த எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.